கடைக்கு லீவா, ஆளுக்கு லீவா? ஞாயிறு வேலையும் வார விடுமுறையும்

கடையில் வேலை பார்க்கிறவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதை இன்று யாரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. தகராறெல்லாம் அதற்கு அடுத்த கேள்வியில்தான். அந்த ஒரு நாளை எப்படிக் கொடுப்பது? கடையையே அடைத்துவிடுவதா, கடை ஓடிக்கொண்டிருக்க ஆட்களை முறைவைத்து வீட்டுக்கு அனுப்புவதா, லீவு எடுக்காதவர் கையில் கூடுதல் காசைக் கொடுத்துக் கணக்கை முடிப்பதா? அந்த நாள் ஞாயிறாகத்தான் இருக்க வேண்டுமா? ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக இந்தக் கேள்விகளுக்குச் சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் வணிகர்களும் தொழிற்சங்கங்களும் பதில் சொல்லி வருகிறார்கள். ஒரு பதிலும் முழுசாக நிலைக்கவில்லை.

கோவில்பட்டியில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி முறுக்கு உண்டு. கரிசல் காட்டு ஊர்களின் கூலிப் பணம் பெருமளவு தீப்பெட்டி ஆலைகளிலிருந்தும் நூற்பாலைகளிலிருந்தும் வருவது. தீப்பெட்டி வேலையில் வாரக்கூலி பெரும்பாலும் சனிக்கிழமை கைக்கு வரும். ஞாயிறு ஆலைக்கு விடுமுறை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வாரத்தின் முதல் நாளான ஞாயிற்றையே ஆலைத் தொழிலாளியின் ஓய்வு நாளாக வைத்தது. பெட்டி ஒட்டுகிற பெண்ணும் குச்சி அடுக்குகிற பெண்ணும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜவுளி எடுக்கவும் பலசரக்கு வாங்கவும் பஸ் ஏறுவது அந்த நாளில்தான். ஆக, ஒரு சட்டம் ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிற்றைக் கொடுத்ததால்தான் கடைத் தொழிலாளிக்கு அந்த ஞாயிறு வேலை மிகுந்த நாளாயிற்று. ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடுகிற பெண்ணும் தீப்பெட்டி ஆலைப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரர்களாக, சில சமயம் ஒரே வீட்டுக்காரர்களாகவே இருப்பார்கள். இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு கொடுப்பது எளிதல்ல என்பதை வாதத்தின் தொடக்கத்திலேயே ஒத்துக்கொள்வது நல்லது.

ஞாயிறு வந்த வழி

கரிசல் விவசாயத்தின் நாட்காட்டியில் ஞாயிறுக்குத் தனி இடம் இருந்ததில்லை. வானம் பார்த்த பூமியில் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைப்பு, தையிலிருந்து அறுவடை, பருத்தி எடுப்பு அதற்குப் பின்னும் நீளும். ஓய்வு என்பது பருவம் தருவதாகவே இருந்தது. கைத்தொழில்களுக்கு அமாவாசை உண்டு. சந்தைக்கு அந்தந்த ஊருக்குரிய கிழமை உண்டு. எட்டயபுரம் ஆட்டுச்சந்தை இன்றும் சனிக்கிழமைதான் கூடுகிறது. ஞாயிறு இங்கே வெள்ளைக்காரர் ஆட்சியோடும் கிறித்தவ மிஷன்களோடும் அலுவலகங்களோடும் பள்ளிக்கூடங்களோடும் வந்தது, ஆலைச் சங்கோடு ஊன்றிக்கொண்டது.

அந்த ஆலைப் பகுதிக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டுமானால் நாராயண் மேகாஜி லோகண்டே. 1884-இல் பம்பாய் மில் தொழிலாளர்களைத் திரட்டிய அவர், வாரம் ஒரு நாள் விடுமுறை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார். 1890 ஜூன் 10 அன்று பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். அடுத்த ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை இடம்பெற்றது. ஞாயிறு கண்டோபா தெய்வத்துக்கு உகந்த நாள் என்பதும் அவர் தரப்பில் சொல்லப்பட்ட ஒரு நியாயம். மாதா கோயிலுக்குரிய நாளை மராத்தியத் தொழிலாளி தன் குலதெய்வத்தின் பேரில் வாங்கிக்கொண்டார் என்பது சுவையான செய்தி மட்டுமல்ல. நாளைவிட, அந்த நாளை எல்லாரும் ஒன்றாகப் பெறுவதே அவர்களுக்கு முக்கியமாயிருந்தது என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம்.

கடையில் வேலை பார்க்கும் பையனுக்கு அந்த நாள் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் நிறைவேற்றிய வார ஓய்வு உடன்படிக்கை, ஏழு நாளில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வைச் சொன்னது. இந்தியா அதை 1923-இலேயே ஏற்றது. ஆனால் அது ஆலைகளுக்கும் அதுபோன்ற தொழில்களுக்கும் மட்டும். வணிகத்துக்கும் அலுவலகங்களுக்குமான உடன்படிக்கை 1957-இல்தான் வந்தது; அதை இந்தியா ஏற்கவில்லை. இடையில், மாகாணங்கள் தாமாகவே நகர்ந்தன. 1939-இல் பம்பாய், கடைகளுக்கென்று சட்டம் இயற்றியது. 1942-இல் மத்திய அரசின் வார விடுமுறைகள் சட்டம் வந்தது; மாகாண அரசு அறிவித்தால்தான் அது அமலாகும் என்பதால் பல இடங்களில் பெயரளவில் நின்றது. சென்னை மாகாணத்தின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் பிறந்தது. கோவில்பட்டிக் கடைத்தெருவை இன்றும் ஆள்வது அதுதான்.

ஷட்டரை இறக்கும் சட்டம்

அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு இரண்டு காரியங்களைத் தனித்தனியாகச் செய்கிறது. இந்த இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. முதலாவது, ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுக்க அடைத்திருக்க வேண்டும். எந்த நாள் என்பதைக் கடைக்காரரே முடிவுசெய்து, கண்ணில் படும்படி அறிவிப்பு எழுதி மாட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் அந்த நாளை மாற்றக் கூடாது. இரண்டாவது, கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை வேண்டும். அந்த நாளுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் கூடாது. முதலாவது கடைக்கு லீவு. இரண்டாவது ஆளுக்கு லீவு. 1947-இன் சட்டம் ஞாயிறு என்று எங்கும் விதிக்கவில்லை.

ஆளுக்கு லீவு கொடுத்தால் போதாதா, கடையை ஏன் அடைக்க வேண்டும்? ஆளே வைக்காமல் குடும்பமாகக் கடை நடத்துகிறவரை எதற்குத் தடுக்க வேண்டும்? பஞ்சாபில் பெரோஸ்பூர் கன்டோன்மென்டைச் சேர்ந்த ஒரு கடைக்காரர் இதே கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போனார். அவர் அறிவித்திருந்த அடைப்பு நாள் வெள்ளிக்கிழமை. ஒரு வெள்ளியன்று அவருடைய மகன் கடையில் விற்றுக்கொண்டிருந்தபோது ஆய்வாளர் வழக்குப் போட்டார். மனோகர் லால் வழக்கு என்று அறியப்படும் அதில், நீதிபதி என்.ராஜகோபால ஐயங்கார் எழுதிய தீர்ப்பு அடைப்பு நாளைச் செல்லும் என்றது. ஓய்வு கடைக்காரருக்கும் தேவை. ஆள் வைக்காத கடைகளை விட்டுவிட்டால் ஆள் வைத்த கடைகளும் அந்தச் சந்தில் தப்பிவிடும் என்பது அதன் சாரம். 1961-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மேரிலாண்ட் மாநிலத்தின் ஞாயிறு அடைப்புச் சட்டத்தை, மதத்துக்காக அல்லாமல் பொது ஓய்வு நாள் என்ற அடிப்படையில் ஏற்றது. இரண்டும் ஒரே காலத்துச் சிந்தனை.

இந்த நிலைப்பாட்டின் பெரிய பலம் அதன் எளிமை. ஆய்வாளர் எந்தப் பதிவேட்டையும் புரட்ட வேண்டியதில்லை. தெருவில் நடந்து போனாலே போதும். ஷட்டர் இறங்கியிருக்கிறதா, இல்லையா. வேலையாளும் முதலாளியிடம் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

பலவீனங்களும் தெருவிலேயே தெரிபவைதான். முன் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே சரக்கு இறக்குவது, மூட்டை பிரித்துப் பொட்டலம் போடுவது, இருப்பு எடுப்பது எல்லாம் நடக்கும். பல ஊர்களில் ஞாயிறு மதியத்தோடு அடைப்பது என்ற அரைநாள் வழக்கம் ஓய்வு நாளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. காலை எட்டு மணிக்கு வந்து மூன்று மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு அது முழு நாள் ஓய்வு ஆகாது. போட்டி இன்னொரு காரணம். பக்கத்துக் கடை திறந்திருக்கையில் தான் மட்டும் அடைத்தால் வாடிக்கை போய்விடும் என்ற பயத்தை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. அறிவிப்பு நாளை ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் விட்டதே இந்தப் பயத்துக்கு இடம் கொடுத்தது என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

முறைவைத்து விடுப்பு

2016 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒரு மாதிரிச் சட்ட முன்வரைவை மாநிலங்களுக்கு அனுப்ப ஒப்புதல் அளித்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுவதும் திறந்திருக்கலாம். ஆளுக்கு மட்டும் வாரம் ஒரு நாள் லீவு என்பது அதன் மையம். மராட்டியம் 2017-இல் அந்த வழியில் புதிய சட்டமே இயற்றியது. தமிழ்நாடு பழைய சட்டத்தை வைத்துக்கொண்டு, 2019 மே மாத அரசாணை மூலம் அதே இடத்துக்கு வந்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கடைகள் எல்லா நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என மூன்று ஆண்டுக்கு அனுமதி கிடைத்தது. 2022-லும் 2025-லும் அது நீட்டிக்கப்பட்டது.

அரசாணை சும்மா கதவைத் திறந்துவிடவில்லை. முறைவைத்து வாரம் ஒரு நாள் விடுமுறை, அன்றன்று யார் லீவு என்ற விவரம் கடையில் காட்சிக்கு, சம்பளமும் மிகைநேரக் கூலியும் வங்கிக் கணக்கில், பெண்கள் இரவு எட்டு மணிக்கு மேல் வேலை செய்ய எழுத்துமூல ஒப்புதலும் போக்குவரத்து வசதியும் என்று நிபந்தனைகள் நீளும். இதை ஆதரிப்பவர்கள் சொல்வது: ஆஸ்பத்திரியும் ரயிலும் நூற்பாலையும் முறைவைத்துத்தானே ஓடுகின்றன? கோவில்பட்டி மில் தொழிலாளிக்கு ஷிப்டும் மாறும் ஓய்வும் தாத்தா காலத்திலிருந்தே பழக்கம். கடையில் மட்டும் ஏன் முடியாது?

முடியும்தான். ஆனால் மில்லில் நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள், சங்கம் இருந்தது, லீவு மறுக்கப்பட்டால் கேட்க ஆள் இருந்தது. கடையில் முறைவைத்த விடுப்பு என்பது தாளில் உள்ள ஒரு பட்டியல். அது நடக்கிறதா என்று பார்க்க, ஆய்வாளர் பதிவேட்டையும் வருகையையும் ஒப்பிட்டு, வேலையாளைத் தனியே விசாரிக்க வேண்டும். முதலாளி பக்கத்தில் நிற்கையில் பில் போடுகிற பெண் என்ன சொல்வார்? தெருவில் நின்றே பார்க்க முடிந்த ஓய்வைப் பதிவேட்டுக்குள் தேட வேண்டிய ஓய்வாக இந்த மாற்றம் ஆக்கியது. 2019-க்குப் பிந்தைய விவாதங்களில் வேலைநேரம், இரவுப் பாதுகாப்பு பற்றி நிறையப் பேச்சு உண்டு. இந்த மாற்றத்தைப் பற்றிப் பேச்சு குறைவு.

இன்னொரு முரண் கவனிக்கத்தக்கது. அரசாணையின் சலுகை பத்து பேரோ அதற்கு மேலோ உள்ள கடைகளுக்கு. மூன்று பேர், நான்கு பேர் வேலை பார்க்கும் பலசரக்குக் கடையும் பாத்திரக் கடையும் 1947-இன் பழைய விதிக்கே உட்பட்டவை. அவை இன்றும் வாரம் ஒரு நாள் முழுக்க அடைத்தாக வேண்டும். மெயின் ரோட்டில் நான்கு மாடி ஜவுளிக்கடை ஏழு நாளும் சட்டப்படி திறந்திருக்கும்; எதிரே ஒற்றை ஷட்டர் ரெடிமேட் கடை ஏழாவது நாள் திறந்தால் அது மீறல். முறைவைத்து விடுப்புக் கொடுக்க ஆள்பலம் உள்ளது பெரிய கடை, எனவே அதற்குச் சலுகை என்பது அரசின் தர்க்கமாக இருக்கலாம். சின்னக் கடைக்காரர் காதில் அது வேறுமாதிரி விழுகிறது. விளைவு, அவரும் திறக்கிறார். அவருடைய மூன்று வேலையாட்களுக்குக் கடைக்கும் லீவில்லை, பட்டியலும் இல்லை.

லீவுக்குப் பதில் காசு

சட்டப் புத்தகத்தில் இல்லாத, ஆனால் கடைத்தெருவில் மிகப் பரவலான பதில் மூன்றாவது. மாதம் இத்தனை நாள் லீவு என்று பேசிக்கொள்வது, எடுக்காத லீவுக்குக் கூடுதல் சம்பளம், எடுத்தால் பிடித்தம். ஊர்விட்டு ஊர் போய், கடை கொடுக்கும் விடுதியில் தங்குகிற இளைஞர்களுக்கு வேறொரு ஏற்பாடு: வார லீவை எடுக்காமல் சேர்த்துவைத்து, கோயில் கொடைக்கோ பொங்கல் கழித்தோ நான்கைந்து நாள் ஊருக்குப் போய் வருவது. தென்மாவட்டங்களிலிருந்து சென்னை ரங்கநாதன் தெரு வரை போன இந்தப் பிழைப்பை, வசந்தபாலனின் அங்காடித் தெரு 2010-இல் திரைக்குக் கொண்டுவந்தது. நின்றே பார்க்கும் வேலை பற்றிய பொதுப் பேச்சு தமிழில் சூடுபிடித்ததில் அந்தப் படத்துக்குப் பங்குண்டு எனலாம். உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் கேரளத்தில் 2018-இலும் இங்கே 2021-இலும் வந்தது.

இந்த ஏற்பாட்டை முதலாளியின் தந்திரம் என்று மட்டும் பார்ப்பது சரியாகாது. வேலையாட்களில் பலர் இதையே விரும்புகிறார்கள். செவ்வாய்க்கிழமை வீட்டில் சும்மா இருந்து என்ன செய்ய, அந்தக் காசு வந்தால் சீட்டுக் கட்டலாமே என்பது ஏறுக்குமாறான பேச்சல்ல. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் ஆலைக்குப் போகும் மனைவிக்கும் ஞாயிறுதான் லீவு என்னும்போது, தனக்கு மட்டும் கிடைக்கும் செவ்வாய்க்கு வீட்டில் மதிப்புக் குறைவுதான். முறைவைத்து விடுப்பின் மிகப் பெரிய பலவீனமே இங்கேதான் வெளிப்படுகிறது: தனியாகக் கிடைக்கும் ஓய்வை விற்றுவிட மனம் எளிதில் துணிகிறது.

ஆனால் கூடுதல் காசு என்பது உண்மையில் கூடுதல்தானா? கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஒருவருக்கு மாதச் சம்பளம் ரூ.13,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கூலி காண 26-ஆல் வகுத்தால் ரூ.500, 30-ஆல் வகுத்தால் ரூ.433. 26 என்பது நான்கு ஓய்வு நாள் போக மிஞ்சும் வேலை நாட்கள். 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமும் மாதச் சம்பளத்தை 26-ஆல்தான் வகுக்கச் சொன்னது. அதாவது மாதச் சம்பளம் என்ற பேச்சுக்குள்ளேயே நான்கு ஓய்வு நாளுக்கான கூலி அடக்கம் என்பது சட்டத்தின் பார்வை. கடையில் 30-ஆல் வகுத்து, நான்கு லீவுக்கும் பிடித்தால் கைக்கு வருவது ரூ.11,267. லீவே எடுக்காமல் முப்பது நாளும் வந்தால்தான் பேசிய ரூ.13,000. லீவு எடுக்காததற்கு வெகுமதி போலத் தோன்றுவது, சட்டப்படி ஏற்கெனவே அவருடையது. சட்டத்தை முழுதாகப் பின்பற்றினால் நடக்க வேண்டியதும் வேறு. மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது அதே 1947 சட்டம். ஓய்வு நாளில் செய்த வேலையை அந்த அளவுகோலால் மதிப்பிட்டால் நான்கு நாளுக்கு ரூ.4,000 மேலும் வர வேண்டும்.

வகுக்கும் எண்ணை மாற்றுவதாலேயே ஒரு மாதத்தின் நான்கு ஓய்வு நாட்கள் காணாமற் போகின்றன. விடுமுறை பற்றிய தகராறின் பாதி உண்மையில் சம்பளத் தகராறு என்று கருத இது போதுமான காரணம். சம்பளம் உயர்ந்தால் லீவு விற்பனை குறையும் என்பது நம்பத்தக்க ஊகம். ஆனால் தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரத்தில் எந்தச் சம்பளத்திலும் கடைகள் ஆளை விடுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விரும்பாதவர் விலகலாம்

இங்கிலாந்தின் பாதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நூற்றாண்டுகளாக ஞாயிறு வணிகத்தைத் தடுத்துவந்த நாட்டில், 1986-இல் தாட்சர் அரசு கொண்டுவந்த தளர்வு மசோதா மக்களவையில் தோற்றது. கிறித்தவ அமைப்புகளும் கடைத் தொழிற்சங்கமும் ஒரே பக்கம் நின்றன. 1994-இல் சமரசம் பிறந்தது. பெரிய கடைகள் ஞாயிறு ஆறு மணி நேரம் திறக்கலாம். கடை ஊழியர் எழுதிக்கொடுத்து, மூன்று மாத அவகாசத்தில் ஞாயிறு வேலையிலிருந்து விலகலாம். அதற்காக அவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது.

எழுதிக்கொடுக்கும் உரிமை, எழுதிக்கொடுத்தபின் வேலையில் நிலைக்க முடிந்தவருக்கே பயன்படும். கரிசல் ஊர்களில் கடை வேலை பெரும்பாலும் தெரிந்தவர் சொல்லி, சொந்தக்காரர் மூலம், ஊர்க்காரர் சிபாரிசில் கிடைப்பது. முதலாளி அண்ணாச்சியாகவோ மாமாவாகவோ இருக்கும் இடத்தில் விலகல் கடிதம் என்பது உறவை முறிக்கும் காரியம். அதே உறவுதான் அவசரத்துக்கு முன்பணமும் பெண் கல்யாணத்துக்கு உதவியும் தருகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எல்லாருக்கும் ஒரே நாள்

ஓய்வு என்பது தனித்தனியாக எடுக்கும் 24 மணி நேரமல்ல, ஊரே சேர்ந்து நிற்கும் நேரம் என்பது கடைசி நிலைப்பாடு. ஜெர்மனி இதை அரசியலமைப்பிலேயே வைத்திருக்கிறது. பெர்லின் நகரம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடைகளைத் திறக்க விட்டதை, அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 டிசம்பரில் செல்லாது என்றது. நமக்கு நெருங்கிய பாடம் இலங்கையுடையது. 1966-இல் டட்லி சேனநாயக்க அரசு ஞாயிறை விட்டுவிட்டுப் பௌத்த போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. நிலவைப் பின்பற்றும் விடுமுறை ஒவ்வொரு வாரமும் வேறு கிழமையில் விழுந்தது. வாரத்தின் நீளமே ஏறி இறங்கியது. உலகத்தோடு வணிகம் செய்ய முடியாமல் 1971-இல் ஞாயிற்றுக்கே திரும்பினார்கள். அதே இலங்கையில் கடை, அலுவலக ஊழியருக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டம் வாரம் ஒன்றரை நாள் விடுமுறை கொடுத்தது என்பது இங்கே அதிகம் பேசப்படாத செய்தி.

தமிழ்நாட்டிலும் ஞாயிறுகளை அடைத்துப் பார்த்த ஒரு காலம் உண்டு. கொரோனாவை ஒட்டி 2020 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் எல்லா ஞாயிறுகளிலும், பின்பு 2022 ஜனவரியில் சில ஞாயிறுகளிலும் முழு ஊரடங்கு இருந்தது. வியாபாரம் அழியவில்லை, சனிக்கிழமை மாலைக்கு நகர்ந்தது, மீன் கடையிலும் கறிக் கடையிலும் நெருக்கடி ஏற்பட்டது. ஆனால் அப்போது பஸ்ஸும் ஓடவில்லை, ஊரே வீட்டுக்குள் இருந்தது. அதை வைத்து, சாதாரண ஞாயிறுகளில் கடைகளை அடைத்தாலும் இப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது.

சட்டமே இல்லாமல் நிற்கும் ஓர் உதாரணம் இன்னும் பயனுள்ளது. சலூன்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் செவ்வாய்க்கிழமை அடைப்பு. செவ்வாயன்று முடிவெட்டக் கூடாது என்ற நம்பிக்கையால் அன்று ஆள் வருவது குறைவு. ஞாயிறு கூட்டம் அலைமோதும். தொழில் செய்கிறவர்கள் கூட்டம் குறைந்த நாளைத் தங்களுக்குள் பொதுவாக்கிக்கொண்டார்கள். அனைவரும் அடைப்பதால் யாருக்கும் வாடிக்கை போவதில்லை; வாடிக்கையாளரும் அதற்குப் பழகிவிட்டார். பெரும்பாலான கடைகளை ஒரே நாளில் அடைக்கும் திறன் வணிகர்களுக்கும் உண்டு என்பதை மே 5 வணிகர் தினம் ஆண்டுதோறும் காட்டுகிறது. வணிகர் தினத்துக்காக முடிவது வாரத்துக்கு ஒரு முறை முடியுமா என்பது வேறு கேள்வி. ஆண்டில் ஒரு நாள் இழப்பதும் ஐம்பத்திரண்டு நாள் இழப்பதும் ஒன்றல்ல.

கரிசலில் மிச்சமிருக்கும் கேள்விகள்

கோவில்பட்டி போன்ற ஊருக்கு ஞாயிறு அடைப்பு பொருந்தும் என்று வாதிடுவது கடினம். ஆலைப் பெண்களின் ஒரே கடைத்தெரு நாளைப் பறித்துக் கடைப் பெண்களுக்குக் கொடுப்பதாகவே அது முடியும். முறைவைத்த விடுப்பு பெரிய கடைகளில் நடக்கக்கூடியதே; அதற்கு வங்கி வழிச் சம்பளமும் காட்சிக்கு வைத்த பட்டியலும் உண்மையில் சோதிக்கப்பட வேண்டும். தேசிய விடுமுறை நாட்களில் தொழிலாளர் துறை கடை கடையாகப் போய் ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கிறது. அதே கவனம் ஒரு சாதாரண புதன்கிழமையில் வார விடுமுறைப் பட்டியலுக்கும் கிடைத்தால் என்ன தெரியவரும் என்பது எளிதில் விடை காணக்கூடிய கேள்வி.

சின்னக் கடைகளே சிக்கலான இடம். அவற்றுக்கு, 1947-இன் ஷட்டர் விதியைக் கைவிடுவதைவிட, தொழில்வாரியாகவோ தெருவாரியாகவோ பொதுவான ஒரு மந்த நாளைப் பேசி முடிவுசெய்வது பொருத்தமாக இருக்கலாம் என்றே தோன்றுகிறது. பாத்திரக் கடைகளுக்கு ஒரு நாள், பலசரக்குக்கு வேறொரு நாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாளை மாற்றலாம் என்று சட்டம் விட்டிருக்கும் இடம், விதைப்பும் அறுவடையும் முகூர்த்த மாதங்களும் வியாபாரத்தைத் தீர்மானிக்கும் கரிசலுக்கு ஒத்துவரும். வலுவான வணிகர் சங்கங்களும் உறவின்முறை அமைப்புகளும் உள்ள ஊரில் இது நடக்காத காரியமல்ல. ஆனால் அப்படிப் பேசி முடிக்கும் மேசையில் முதலாளிகள் மட்டுமே இருப்பார்கள் என்ற எதிர்வாதத்துக்குத் திருப்தியான பதில் இன்னும் வரவில்லை. சின்னக் கடை வேலையாளுக்குச் சங்கம் அமைவது அரிது.

புதிய சட்டங்கள் வேறொரு கேள்வியை எழுப்புகின்றன. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் பணிப் பாதுகாப்பு பற்றியது, வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை கூடாது என்கிறது. அதன் பொது எல்லையும் பத்து பேரில்தான் தொடங்குகிறது. மாநிலக் கடைச் சட்டங்கள் ரத்தாகவில்லை. பத்து பேரோ அதற்கு மேலோ உள்ள கடையில் இரண்டு சட்டங்கள், அதற்குக் கீழே உள்ள கடையில் பழைய சட்டம் மட்டும். இதற்கிடையில் ஆன்லைன் வணிகமும் வீட்டுக்கே வந்து தரும் சேவையும் சிற்றூர்களை எட்டிவிட்டன. அடைப்பு நாளில் ஷட்டரை இறக்கிய கடைக்காரர், தன் வாசல் வழியே பொட்டலத்தோடு போகும் டெலிவரி இளைஞரைப் பார்க்கிறார். அந்த இளைஞருக்கு வார விடுமுறை உண்டா, அதை யார் தர வேண்டும் என்பதை 1947-இன் சட்டம் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. கடைக்கு லீவா, ஆளுக்கு லீவா என்ற பழைய பிரிவினையில் அவருக்கு இடமே இல்லை: அவருக்குக் கடையும் கிடையாது, சட்டத்தின் கண்ணில் அவர் ஊழியரா என்பதே இன்னும் வழக்கில் இருக்கிறது.